கழுத்தில் ஒரு சொடக்கு, மூளையில் இருபது நிமிடம்

மணிக்கட்டின் உட்பக்கம், கடிகாரப் பட்டை படியும் இடத்துக்குச் சற்று மேலே இரண்டு சிறிய மின்முனைகளை ஒட்டுகிறார்கள். அதற்கு நேர் கீழே மீடியன் நரம்பு ஓடுகிறது. ஒரு சிறு மின்னதிர்வு கொடுத்ததும் கட்டைவிரல் தானாகத் துள்ளும். வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளிருந்து சுண்டிவிட்டதுபோல் இருக்கும். அந்தச் சுண்டலில் கிளம்பும் செய்தி கை வழியே மேலே ஏறுகிறது. ஏறத்தாழ 9 மில்லிநொடியில் காறையெலும்புக்கு மேலுள்ள நரம்புப் பின்னலைத் தாண்டுகிறது. 13இல் கழுத்துத் தண்டுவடம். 20இல் மூளை மேற்பரப்பில் தொடுவுணர்வை வாங்கிக்கொள்ளும் பட்டை. 30ஆவது மில்லிநொடியில் நெற்றிப் பக்கம் இன்னொரு அலை எழுகிறது. நரம்பியலாளர்கள் இந்த அலைகளை என்9, என்13, என்20, என்30 என்றே அழைக்கிறார்கள். எண் என்பது செய்தி அந்த இடத்துக்கு வந்து சேரும் நேரம், அவ்வளவுதான்.

இந்த அலைகளைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. மண்டையோட்டின் மேல் பதிவாகும் மூளையலைகள் எந்நேரமும் சில பத்து மைக்ரோவோல்ட் அளவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நாம் தேடும் என்20 ஒன்றிரண்டு மைக்ரோவோல்ட்தான். ஒருமுறை அதிர்வு கொடுத்துப் பார்த்தால் அது அந்த இரைச்சலில் காணாமலே போய்விடும். 1947இல் லண்டன் நரம்பியல் மருத்துவமனையில் ஜார்ஜ் டாசன் இதற்கு ஒரு வழி கண்டார். அதிர்வைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தாறுமாறான இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் வரும் அலை மட்டும் துலங்கி நின்றது. இன்றும் அதே உத்திதான். நூற்றுக்கணக்கான அதிர்வுகளைக் கொடுத்துக் கணினியில் சராசரி எடுக்கிறார்கள்.

2007இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைடி ஹாவிக்-டெய்லர், பெர்னடெட் மர்ஃபி இருவரும் இந்த உத்தியைக் கழுத்துப் பிரச்சினைக்குத் திருப்பினார்கள். அவ்வப்போது கழுத்து பிடித்துக்கொள்ளும், ஆனால் சோதனை நாளில் பெரிய வலி இல்லாத 12 பேரை எடுத்துக்கொண்டார்கள். முதலில் அலைகளைப் பதிவு செய்தார்கள். பிறகு கழுத்து மூட்டை அது போகும் எல்லைவரை திருப்பி நிறுத்தி, அங்கிருந்து சட்டென்று ஓர் உந்தல். பிசியோதெரபிஸ்டுகள் 'மேனிபுலேஷன்' என்று சொல்வது இதைத்தான். பிறகு மீண்டும் பதிவு. என்20, என்30 இரண்டின் உயரமும் குறைந்திருந்தது. காறையெலும்பருகே எடுத்த என்9 அப்படியே இருந்தது. அதாவது கையிலிருந்து கிளம்பிய செய்தியில் மாற்றமில்லை, மூளை அதை வாங்கிக்கொள்ளும் விதம்தான் மாறியிருந்தது. உந்தல் இல்லாமல் தலையை மட்டும் அசைத்துப் பார்த்த நாளில் எந்த மாற்றமும் இல்லை. இந்த மாற்றம் எத்தனை நேரம் நீடித்தது? சராசரியாக 20 நிமிடம்.

இந்த 20 நிமிடத்தை வைத்துக்கொண்டு என்னென்ன சொல்லலாம், என்னென்ன சொல்லக் கூடாது என்பதுதான் இத்துறையின் முக்கால்வாசிச் சண்டை.

சண்டைக்குப் பழைய வேர் உண்டு. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பாமர் என்பவர் காந்த சிகிச்சை பார்த்துவந்தார். காது கேட்காமல் போயிருந்த ஹார்வி லில்லார்டு என்ற கட்டடத் துப்புரவுப் பணியாளரின் முதுகில் ஒரு புடைப்பைக் கண்டு, அதை உந்திச் சரிசெய்ததாகவும் காது திரும்பக் கேட்டதாகவும் பாமர் எழுதினார். முதுகெலும்பைக் கையால் உந்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் முறை அங்கே பிறந்தது. முள்ளெலும்பு இடம் விலகி நரம்பை நசுக்குகிறது, நோய்களில் 95 விழுக்காடு அதனால்தான் வருகிறது என்பது அவர் கொள்கை. செவி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகெலும்பின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆனால் அந்தச் சங்கடம் பாமரைத் தடுக்கவில்லை.

எலும்பு விலகுகிறது, 'சடக்'கென்று திரும்ப உட்காருகிறது என்ற நம்பிக்கை இன்றும் உலகெங்கும் இருக்கிறது. நம் ஊரிலும் சுளுக்கு எடுக்கப் போகிறவர் 'எலும்பு ஏறியிருக்கு' என்ற பேச்சைக் கேட்காமல் திரும்ப மாட்டார். 1973இல் யேல் பல்கலைக்கழக உடற்கூறியலாளர் எட்மண்ட் கிரெலின், இறந்தவர்களிடமிருந்து எடுத்த முதுகெலும்புகளில் விசை கொடுத்துப் பார்த்தார். எலும்பு முறியும் அளவுக்கு அழுத்தாமல் முள்ளெலும்பு விலகி நரம்பைத் தொடவே இல்லை. 1998இல் ஸ்வீடனில் டுல்பெர்க் குழுவினர் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலுள்ள மூட்டில் நுண்ணிய குறிமணிகளைப் பதித்து, மேனிபுலேஷனுக்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்தார்கள். கையால் தடவிப் பார்த்த சிகிச்சையாளருக்கு மூட்டு சரியாகிவிட்டதாகவே பட்டது. படத்தில் எலும்பு இம்மியும் நகர்ந்திருக்கவில்லை.

அப்படியானால் அந்தச் சத்தம்? மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் வெடுக்கென்று பிரியும்போது உள்ளே அழுத்தம் இறங்கி, ஒரு குழி, அதாவது வாயுக் குமிழி, உருவாகிறது. 1971இல் அன்ஸ்வொர்த் குழுவினர், குமிழி உடைவதால்தான் சத்தம் என்றார்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெகரி கௌசுக் குழுவினர் விரலைக் கயிற்றில் கட்டி எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இழுத்துப் பார்த்து, குழி உண்டாகும் கணத்தில்தான் சத்தம் வருகிறது என்றார்கள். 2018இல் வினீத் சந்திரன் சுஜா, அப்துல் பராக்கத் இருவரும் கணித மாதிரியைக் கொண்டு, குமிழி பாதி உடைந்தாலே அந்தச் சத்தம் வரும் என்றார்கள். வாதம் முடிந்தபாடில்லை. எப்படியிருந்தாலும் அது எலும்பு உட்காரும் ஓசை இல்லை. ஒருமுறை நெட்டி முறித்த விரலை மறுபடி முறிக்கச் சுமார் 20 நிமிடம் காத்திருக்க வேண்டியிருப்பதும் வாயு திரும்பக் கரைய வேண்டியிருப்பதால்தான். மூளையலையின் 20 நிமிடத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது திரவத்தின் கணக்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004இல் கனடாவின் வாட்டர்லூவில், 28 கைரோபிராக்டர்கள் குறிவைத்த மூட்டும் உண்மையில் சத்தம் வந்த மூட்டும் ஒன்றுதானா என்று அதிர்வுமானிகளை ஒட்டிப் பார்த்தார்கள். கீழ்முதுகில் சராசரியாக 5 சென்டிமீட்டருக்கு மேல் தவறியது. குறைந்தது ஒரு முள்ளெலும்பு தள்ளி. 'ஐந்தாவது எலும்பு, ஆறாவது எலும்பு' என்று விரல் வைத்துச் சொல்லும் துல்லியம் பேச்சில்தான் இருக்கிறது.

எலும்பு நகரவில்லை, குறியும் பிசகுகிறது. ஆனாலும் என்20 ஏன் குறைகிறது? விடை எலும்பில் இல்லை, அதைச் சுற்றியுள்ள தசையில் இருக்கிறது. ஒவ்வொரு தசைக்குள்ளும் நீளத்தையும் நீளும் வேகத்தையும் அளந்து சொல்லும் நுண்ணிய உணரிகள் பொதிந்திருக்கின்றன. மண்டையோட்டின் அடியில், முதல் இரண்டு முள்ளெலும்புகளைப் பற்றியிருக்கும் சின்னஞ்சிறு தசைகளில் இவை நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. தலை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மூளைக்கு நொடிக்கு நொடி தெரிவிப்பவை இவைதாம். வலி வந்த கழுத்தில் இந்தத் தகவல் பிசகுகிறது. 1991இல் பிரான்சில் மிஷெல் ரெவெல் குழுவினர் 30 நோயாளிகளையும் 30 நலமானவர்களையும் உட்காரவைத்து, தலையில் ஒளிக்கற்றை வீசும் தொப்பியை மாட்டி, கண்ணை மூடித் தலையைத் திருப்பிவிட்டு மறுபடி நேராக வரச் சொன்னார்கள். நோயாளிகளின் ஒளிப்புள்ளி குறியை விட்டுக் கூடுதலாக விலகி நின்றது. சுமார் நாலரை டிகிரிக்கு மேல் தவறினால் அது கழுத்து வலிக்காரர் என்று ஊகிக்கலாம் என்றார்கள். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து லேசர் பேனாவை நெற்றியில் கட்டிக்கொண்டு எவரும் செய்துபார்க்கக்கூடிய சோதனை இது. கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த உணரிகளை மேனிபுலேஷன் என்ன செய்கிறது என்று ஜோயல் பிக்கர் மயக்கத்தில் வைத்த பூனைகளில் அளந்தார். ஒற்றை நரம்பிழையில் மின்முனையைத் தொடுத்து, கீழ்முதுகு முள்ளெலும்பை ஒரு மோட்டாரால் உந்தினார். உந்தல் மெதுவாக இருந்தவரை உணரிகள் நிதானமாகப் பேசின. உந்தும் நேரம் 100 மில்லிநொடிக்குக் கீழே இறங்கியதும் ஒரேயடியாகப் படபடத்தன. கைரோபிராக்டர்களின் உந்தலும் பெரும்பாலும் இந்த வேகத்தை ஒட்டித்தான் அமைகிறது. கல்கரி பல்கலைக்கழகத்தில் வால்டர் ஹெர்ட்ஸாக் அளந்தபடி கழுத்துக்குக் கொடுக்கும் உச்ச விசை நூறு நியூட்டனுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 10 கிலோ எடையின் அழுத்தம். அதைத் தொடர்ந்து 200 மில்லிநொடிக்குள் முதுகுத் தசைகளில் அனிச்சையான மின்துடிப்பு எழுவதையும் அவர் குழு பதிவு செய்தது. பிக்கரின் ஆய்வகம் எங்கே இருந்தது தெரியுமா? டேவன்போர்ட்டில், பாமர் பெயரைத் தாங்கிய கல்லூரியில். நசுங்கிய நரம்பு என்ற கதை பிறந்த ஊரிலேயே, நூறாண்டு கழித்து அதன் இடத்தில் வேறொரு கதையை அளந்து வைத்தார்கள்.

ஆக, மேனிபுலேஷன் என்பது கழுத்துத் தசையின் வழியே நரம்பு மண்டலத்துக்குள் ஒரே நேரத்தில் கொட்டப்படும் ஒரு பெரும் தகவல். சந்தை இரைச்சலில் யாரோ ஒருவர் திடீரென்று கைதட்டினால் எல்லாரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தித் திரும்புவார்களே, ஏறத்தாழ அப்படி. பிறகு அவரவர் பேச்சு தொடரும்.

இப்படிப் பழைய பேச்சே தொடர்கிறது என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. முழங்காலின் பின்புறம் நரம்பைத் தூண்டி கெண்டைக்கால் தசையின் துடிப்பை அளக்கும் ஒரு முறையை ஜெர்மானியர் பால் ஹாஃப்மன் 1910லேயே விவரித்தார். அவர் பெயரால் இது எச்-அனிச்சை. தண்டுவடம் எவ்வளவு எளிதாகத் தூண்டப்படுகிறது என்பதற்கு இது ஓர் அளவுகோல். 2000இல் டிஷ்மன், புல்புலியன் இருவரும் கீழ்முதுகு உந்தலுக்குப் பின் இந்தத் துடிப்பு குறைவதைக் கண்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் பழைய நிலை. உந்தல் இல்லாமல் மூட்டை மெதுவாக ஆட்டிக்கொடுக்கும் 'மொபிலைசேஷன்' முறையிலும் ஓரளவு அதே விளைவு கிடைத்தது. கழுத்தை உந்தியபோது காலின் எச்-அனிச்சை அசையவில்லை. விளைவு அந்தந்தப் பகுதியோடு நின்றுவிடுகிறது.

இந்த எச்-அனிச்சை அளவீடுகள் நலமான தன்னார்வலர்களிடம் எடுத்தவை. வலியோடு வருபவர்களிடம்? 2002இல் கல்கரியில் எஸ்தர் சூட்டர், கோர்டன் மெக்மார்லண்ட் இருவரும் நாட்பட்ட கழுத்து வலியுள்ள 16 பேரை முழங்கையை முழு பலத்தோடு மடக்கச் சொன்னார்கள். மடக்கிக்கொண்டிருக்கும்போதே தசைக்கு ஒரு மின்னதிர்வு. தசை ஏற்கெனவே முழு பலத்தில் இயங்கினால் அதிர்வால் கூடுதல் விசை வராது. வந்தால், அந்த அளவுக்கு நரம்பு மண்டலம் தசையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். இவர்களிடம் வந்தது. மேல்கைத் தசையில் கோளாறே இல்லை, கழுத்து வலிதான் கையை அடக்கி வைத்திருந்தது. ஐந்தாம், ஆறாம், ஏழாம் கழுத்து மூட்டுகளை உந்தியதும் பிடி தளர்ந்தது. குவீன்ஸ்லாந்தில் பில் விசென்சினோ 1996இல் காட்டியது இதைவிட வேடிக்கை. 'டென்னிஸ் எல்போ' வலிக்காரர்களின் கழுத்தை மட்டும் பக்கவாட்டில் மென்மையாக அசைத்தார். முழங்கையைத் தொடவே இல்லை. ரப்பர் முனை கொண்ட அழுத்தமானியால் முழங்கையை அழுத்தியபோது, முன்பு வலித்த அழுத்தத்தில் இப்போது வலிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் விளம்பரக்காரர்கள் உள்ளே நுழைகிறார்கள். 'மூளையை ரீசெட் செய்கிறோம்', 'நரம்புத் தொடர்பைச் சீராக்குகிறோம்' என்கிறார்கள். ஆனால் என்30 அலை குறைந்தால் நல்லதா கெட்டதா என்று அலையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 2016இல் டென்மார்க்கின் ஆல்போர்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஹைடி ஹாவிக் குழுவினர் 19 பேரிடம் மறுபடி அளந்து, என்30 குறைவு பெரும்பாலும் மூளையின் முன்நெற்றிப் புறணியிலிருந்து வருகிறது என்றும் அளவு சராசரியாக 17 விழுக்காடு என்றும் காட்டினார்கள். அளவீடு நேர்த்தியானது, சந்தேகமில்லை. ஆனால் வலி குறைந்ததற்கும் அலை குறைந்ததற்கும் பாலம் அதில் இல்லை. இத்துறை ஆய்வாளர்களில் பலர் இத்தொழிலிலேயே இருப்பவர்கள். அக்கறையோடு அளப்பவர்களும் அவர்களே, முடிவில் ஆசை உள்ளவர்களும் அவர்களே. 12 பேர், 16 பேர், 19 பேர் என்ற எண்ணிக்கையையும் மறக்கக் கூடாது.

பொய்ச் சிகிச்சை என்ற சிக்கல் இன்னும் பெரிது. மாத்திரையென்றால் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம். கழுத்தைச் சொடுக்கியதாக ஒருவரை எப்படி நம்பவைப்பது? 2008இல் ஃபுளோரிடாவில் ஜோயல் பியாலோஸ்கி குழுவினர் நலமான 60 பேரை மூன்றாகப் பிரித்து, எல்லாருக்கும் ஒரே கீழ்முதுகு மேனிபுலேஷனைக் கொடுத்தார்கள். சொன்ன சொல் மட்டும் வேறு வேறு. இது பலன் தராது, முதுகில் வலி கூடலாம் என்று கேட்டவர்களுக்குச் சூட்டுக் கருவி வைத்தபோது முதுகு வலி நிஜமாகவே கூடியது. கை ஒன்றுதான், உந்தல் ஒன்றுதான், காதில் விழுந்த சொல்தான் வேறு. இதனால் சிகிச்சை வெறும் நம்பிக்கை என்று ஆகிவிடாது. ஆனால் நரம்பு மண்டலம் உணரிகளின் பேச்சை மட்டும் கேட்பதில்லை என்பது உறுதி.

பலன் இப்படி நிமிடக் கணக்கில் இருக்கும்போது, ஆபத்தின் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் முள்ளெலும்புத் தமனி, ஆறாவது கழுத்தெலும்பிலிருந்து முதலாவது வரை எலும்புகளின் பக்கத் துளைகளுக்குள் நுழைந்து போகிறது. முதலாம் எலும்பின் மேல் ஒரு வளைவு எடுத்துத்தான் மண்டைக்குள் புகுகிறது. தலையை வேகமாகத் திருப்பும்போது இழுபடுவது அந்த வளைவு. தமனியின் உட்சுவர் கிழிந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். மிக அரிது. கனடாவின் ஒன்டாரியோவில் ஒன்பது ஆண்டுப் பதிவுகளைப் புரட்டிய கேசிடி குழு, 45 வயதுக்குக் குறைந்தவர்களில் இத்தகைய பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டரிடம் போனவர்களைப் போலவே குடும்ப மருத்துவரிடம் போனவர்களும் இருப்பதை 2008இல் காட்டியது. தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கி, அந்தக் கழுத்து வலிக்கே ஆலோசனை கேட்டுப் போயிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். அமெரிக்க இதயச் சங்கம் 2014இல், காரண உறவு உறுதியாகவில்லை, ஆனாலும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றது. புதிதாக, இதுவரை அறியாத விதத்தில் திடீரென்று வந்த கழுத்து வலியோ தலைவலியோ இருந்தால், கூடவே தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகத்தில் மரத்துப்போதல் என்று ஏதாவது சேர்ந்தால், கழுத்தில் யாரையும் கைவைக்க விடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இருபுறமும் 'சடக்'கென்று திருப்பும் பழக்கத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே நோய் வரலாறு கேட்பவர் இல்லை, எல்லை பார்ப்பவர் இல்லை. 2024இல் கர்நாடகத்தின் பல்லாரியில் அப்படித் திருப்பிய பிறகு கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த இளைஞர் ஒருவரைப் பற்றி நாளேடுகள் எழுதின. 'தலை மட்டும் போதும்ணே, கழுத்து வேண்டாம்' என்று சொன்னால் எந்த முடிதிருத்துநரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உந்தலுக்குத் தனி மகிமை உண்டா என்று நேராகவே சோதித்தவர்களும் இருக்கிறார்கள். 2010இல் சிட்னியில் ஆண்ட்ரூ லீவர் குழு, புதிதாகக் கழுத்து வலி வந்த 182 பேரில் பாதிப் பேருக்கு மேனிபுலேஷனும் மீதிப் பேருக்கு மெதுவாக ஆட்டும் மொபிலைசேஷனும் கொடுத்தது. வலி தீர ஆன நாட்களின் இடைநிலை, முதல் குழுவுக்கு 47, இரண்டாம் குழுவுக்கு 43. வேறுபாடே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். உணரிகளைப் படபடக்க வைக்கும் அந்த 100 மில்லிநொடி வேகம், நோயாளியின் நாட்காட்டியில் ஒன்றும் செய்யவில்லை.

2012இல் மினசோட்டாவில் கெர்ட் பிரான்ஃபோர்ட் குழு கழுத்து வலியுள்ள 272 பேரை எடுத்தது. ஒரு பிரிவுக்கு 12 வாரம் மேனிபுலேஷன், ஒரு பிரிவுக்கு மருந்து, மூன்றாம் பிரிவுக்கு வீட்டுப் பயிற்சி. மேனிபுலேஷன் மருந்தை முந்தியது, ஓராண்டு கழித்தும். ஆனால் வீட்டுப் பயிற்சிக்காரர்களும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மணிநேரம் வீதம் இரண்டு அமர்வு மட்டும். சொல்லிக்கொடுத்த பயிற்சியும் பெரிய வித்தையில்லை. முகவாயை உள்ளிழுத்தல், கழுத்தை முன்னும் பின்னும் சாய்த்தல், பக்கவாட்டில் சாய்த்தல், மெல்லத் திருப்புதல், தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்குதல். எடை தூக்காமல், எதிர்ப்பு கொடுக்காமல், ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து முறை, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுத் தடவை வரை.